மார்ச்சில் நான்கு நாள் டெல்லி: ஐந்து பேர், ஒரு மெட்ரோ பாதை

கேள்வி இது. கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர்; மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். மூவர் சென்னையில், ஒருவர் கோவையில், ஒருவர் பெங்களூருவில். மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை விடுமுறை வருகிறது, வெள்ளிக்கு லீவு போட்டால் ஞாயிறு வரை நான்கு நாள். "மலையும் கடலும் பார்த்தாச்சு, இந்தத் தடவை ஒரு ஊரைச் சுத்திப் பார்க்கணும். டெல்லி சரிப்படுமா? ஆக்ரா, ஜெய்ப்பூர் சேர்க்கலாமா? ஆளுக்கு எவ்வளவு ஆகும்?"

டெல்லி சரிப்படும். ஜெய்ப்பூர் வேண்டவே வேண்டாம். ஆக்ராவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதுவும் வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன்.

பதினொரு வருடம் டெல்லியில் வேலை பார்த்தவன் நான். டெல்லியில் குடியிருக்கும் தமிழனுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்துகொண்டே இருப்பார்கள். குதுப் மினாரை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். அதில் என் விருப்பத்துக்குப் போனது இரண்டு தடவை இருக்கும். அப்படி அழைத்துப் போன கூட்டங்களில் சந்தோஷமாகத் திரும்பியவர்கள் குறைவாகப் பார்த்தவர்கள்தான். காலை ஐந்து மணிக்கு எழுந்து எட்டு இடம் பார்த்தவர்கள் மூன்றாம் நாள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் ரயில் ஏறியதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் பருவம். நம் கணக்கில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். அந்த மாதங்களில் டெல்லிக்குப் போனால் வெந்து போவீர்கள். டெல்லியின் வசந்தம் நம் மாசி பங்குனியில், அதாவது நாம் பின்பனி என்று சொல்லும் காலத்தில் வந்து போய்விடும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை, ஐந்தாறு வாரம்தான். மார்ச் தொடக்கத்தில் பகலில் 27, 28 டிகிரி இருக்கும், விடியற்காலையில் 13, 14. மாதக் கடைசியில் பகல் வெயில் 33-ஐத் தொட்டுவிடும். நவம்பரில் மூச்சை அடைக்கும் புகையும் இருக்காது, ஜனவரியில் விமானத்தைத் தாமதப்படுத்தும் மூடுபனியும் இருக்காது. ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். ஆனால் அது கட்டாயம் வேண்டும். "மார்ச்ல என்ன குளிரு" என்று வந்த ஒரு நண்பன் காலை ஆறரை மணிக்கு லோடி தோட்டத்தில் என் மப்ளரைப் பிடுங்கிக்கொண்டான்.

ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். டெல்லியில் வசந்தம் வரும்போது இலையுதிர் காலம் போலவே இருக்கும். வேம்பும் அரசும் மார்ச்சில் இலையைக் கொட்டும். நடைபாதை முழுக்கச் சருகு. அதே நேரத்தில் முள்ளிலவு பூத்திருக்கும். இந்தியில் செமல் என்பார்கள். ஒரு இலை கூட இல்லாத மரத்தில் உள்ளங்கை அகலச் சிவப்புப் பூ. இதழ் தோல் மாதிரி தடியாக இருக்கும், கீழே விழும்போது 'தொப்' என்று சத்தம் கேட்கும். காரின் கூரை மேல் விழுந்தால் யாரோ கல்லெறிந்த மாதிரி திடுக்கிடும். கிளையைப் பார்த்தால் மைனா, கிளி, காக்கை, அணில் என்று ஒரே ரகளை. இந்த ஊரை மார்ச்சில் பார்க்கச் சொல்வதற்கு இந்த மரம் ஒன்றே எனக்குப் போதும்.

இலவம் என்றதும் இலவு காத்த கிளி ஞாபகம் வருகிறது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கிளி யார் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். "எனக்கு லீவு கிடைக்குமான்னு வெள்ளிக்கிழமை சொல்றேன்டா" என்பவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் டிக்கெட் விலை ஏறியிருக்கும். நான் சொல்லும் வழி இது: பயணத்துக்கு ஆறு வாரம் முன்னால் ஒரு தேதி குறியுங்கள். அன்று இரவு பத்து மணிக்குள் பணம் போட்டவர்கள் வருகிறார்கள், போடாதவர்கள் பிறகு தாங்களே டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து சேரட்டும். கேட்கக் கொஞ்சம் கடுமைதான். ஆனால் ஒருவருக்காக நான்கு பேர் காத்திருந்து நான்கு பேரும் ஆளுக்கு மூவாயிரம் கூடக் கொடுத்த பிறகு வரும் மனக்கசப்பு அதைவிடக் கடுமை.

அடுத்தது உங்கள் எண்ணிக்கை. ஐந்து என்பது டெல்லியில் ஒரு தொல்லையான எண். ஆட்டோவில் மூன்று பேர்தான். செயலியில் கூப்பிடும் சாதாரண டாக்சியில் நான்கு பேர். ஐந்தாவது ஆளைப் பார்த்ததும் ஓட்டுநர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். பேட்டரி ரிக்‌ஷாவிலும் நான்குதான். ஐந்து பேருக்குப் பெரிய வண்டி கேட்டால் வாடகை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, அதுவும் நினைத்த நேரத்தில் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் இரண்டு ஆட்டோ பிடித்தால் ஒரு ஆட்டோ இந்த வாசலில் நிற்கும், மற்றது அந்த வாசலில் நிற்கும், "எங்க இருக்கீங்க" என்று இருபது நிமிடம் போகும். இதற்கு ஒரே தீர்வு மெட்ரோ. அதனால்தான் தங்குமிடத்தை மெட்ரோவை வைத்து முடிவு செய்யச் சொல்கிறேன்.

டெல்லி மெட்ரோ 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. இன்று ஏகப்பட்ட பாதைகள் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது மஞ்சள் பாதை ஒன்றுதான். தெற்கிலிருந்து வடக்காக எண்ணிப் பாருங்கள்: குதுப் மினார், ஹவுஸ் காஸ், கிரீன் பார்க், டில்லி ஹாட்டுக்கு ஐ.என்.ஏ., லோடி தோட்டத்துக்கு ஜோர் பாக், குடியரசுத் தலைவர் மாளிகைப் பக்கம் போக சென்ட்ரல் செக்ரடேரியட், கன்னாட் பிளேசுக்கு ராஜீவ் சௌக், புது டெல்லி ரயில் நிலையம், சாவ்டி பஜார், சாந்தினி சௌக். நீங்கள் பார்க்கப் போவதில் முக்கால்வாசி ஒரே கோட்டில் இருக்கிறது. ஆகவே கிரீன் பார்க் அல்லது ஹவுஸ் காஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு விருந்தினர் இல்லம் பிடியுங்கள். அது குடியிருப்புப் பகுதி. சாப்பாட்டுக் கடைகள் உண்டு, இரவில் அமைதி, பெண்கள் பத்து மணிக்குத் திரும்பி நடந்து வந்தாலும் தெருவில் ஆள் இருக்கும்.

பஹாட்கஞ்ச் மலிவு, ரயில் நிலையத்துக்குப் பக்கம். ஆனால் அந்தச் சந்தடியில் மூன்று இரவு தூங்குவது உங்கள் பாடு. கரோல் பாக் பழைய தமிழர் பேட்டை, இன்றும் இட்லி தோசைக்குக் குறைவில்லை. அது நீலப் பாதையில் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் ராஜீவ் சௌக்கில் மாற வேண்டும், அந்தக் கூட்டத்தை ஒரு நாள் மாலை ஆறு மணிக்குப் பார்த்தால் புரியும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மஹிபால்பூரில் ஓட்டல் சல்லிசாகக் கிடைக்கும், படங்களும் பளபளவென்று இருக்கும். அங்கே தங்காதீர்கள். மிச்சப்படுத்திய காசு முழுவதும் டாக்சிக்குப் போய்விடும்.

அறை பதிவு செய்யும்போது "மூன்று ஆண், இரண்டு பெண், இரண்டு அறை, ஒரு அறையில் கூடுதல் கட்டில்" என்று முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள். கூடுதல் கட்டில் என்று சொல்லிவிட்டுத் தரையில் மெத்தை விரிக்கும் வழக்கம் அங்கே நிறைய உண்டு. ஐவரும் ஆதார் அட்டையைக் கையோடு வைத்திருங்கள், வரவேற்பறையில் எல்லோருடையதையும் கேட்பார்கள்.

விமானச் சீட்டு எடுக்கும்போது எந்த முனையம் என்று பாருங்கள். முதல் முனையத்தில் இறங்கினால் அதிர்ஷ்டம்: வாசலிலேயே மெஜந்தா பாதை, ஹவுஸ் காஸ் ஆறாவது நிறுத்தம். மூன்றாம் முனையம் என்றால் விமான நிலைய விரைவு மெட்ரோ புது டெல்லிக்குப் போகும், அங்கிருந்து மஞ்சள் பாதையில் தெற்கே திரும்ப வேண்டும். பெட்டியோடு இருப்பதால் அன்று ஒரு நாள் டாக்சி எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஊரிலிருந்து வருகிறீர்கள், ஒருவர் முதல் முனையத்திலும் ஒருவர் மூன்றிலும் இறங்குவீர்கள். விமான நிலையத்தில் காத்திருந்து ஒன்றுசேர்ந்து போகலாம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள், இரண்டுக்கும் நடுவே பல கிலோமீட்டர். நேரே அறையில் சந்தியுங்கள். ரயில் ஆசை யாருக்காவது இருந்தால், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 2,182 கிலோமீட்டரை ஏறத்தாழ 33 மணி நேரத்தில் கடக்கிறது. அருமையான ரயில். நான்கு நாள் பயணத்துக்கு ஆகாது.

தேதியை முடிவு செய்யுமுன் ஹோலி என்றைக்கு என்று பாருங்கள். வண்ணம் பூசி விளையாட ஆசையா, அந்த வாரமே போங்கள். இல்லையென்றால் தள்ளிப் போங்கள். ஹோலியன்று மெட்ரோ பகல் இரண்டரை மணிக்குத்தான் ஓடத் தொடங்கும், கடைகளும் அதுவரை திறக்காது. அதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே மொட்டை மாடிகளிலிருந்து தண்ணீர் பலூன் வரும். எறியும் பையனுக்கு எட்டு வயதுதான் இருக்கும், குறி மட்டும் தவறாது.

உங்களுக்கு வியாழன் முதல் ஞாயிறு வரை அமைந்ததில் ஒரு நன்மை இருக்கிறது. டெல்லியில் திங்கள்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம், சரோஜினி நகர் கடைத்தெரு எல்லாமே மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பழைய டெல்லியின் மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருக்கும். வியாழன் மாலையோ நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாட்டுக்குப் பேர்போன நாள். இந்த மூன்றையும் வைத்தே உங்கள் நான்கு நாளும் தானாக அமைந்துவிடும்.

வியாழன். நண்பகலுக்குள் எல்லோரும் வந்து சேரும்படி பாருங்கள். சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து, நான்கு மணிக்கு ஜோர் பாக் நிலையத்தில் இறங்கி லோடி தோட்டத்துக்கு நடந்து போங்கள். கட்டணம் கிடையாது. சையது, லோடி சுல்தான்களின் கல்லறைகளைச் சுற்றி 1936-இல் போட்ட தோட்டம். வைசிராய் வில்லிங்டனின் மனைவி பெயரில் திறந்தார்கள். எண்கோணத்தில் நிற்பது முகமது ஷாவின் கல்லறை, 1444. ஐநூறு அறுநூறு வருடக் கட்டடங்களுக்கு நடுவில் பள்ளிப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் வேக நடை போடுவார்கள். வழிகாட்டி எதுவும் வேண்டாம். புல்லில் உட்காருங்கள். வருடக் கணக்கில் பார்க்காத நண்பர்கள் பேச வேண்டியதை அங்கேயே பேசிவிடுங்கள்.

ஆறு மணிக்கு நிஜாமுதீன். ஹஸ்ரத் நிஜாமுதீன் அவுலியாவும் அவருடைய சீடர் கவிஞர் அமீர் குஸ்ரோவும் 1325-இல் சில மாத இடைவெளியில் மறைந்தவர்கள், ஒரே முற்றத்தில் அடங்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஷாஜகானின் மகள் ஜஹானாராவின் கல்லறை. மேலே கூரை இல்லை, நடுவில் புல் வளர்ந்திருக்கும். சந்துக்குள் நுழையும்போதே இருபுறமும் ரோஜாத் தட்டுக் கடைகள். "செருப்பை இங்கே விடுங்கள்" என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள், விட்டால் பூத்தட்டு வாங்கியாக வேண்டும். தர்கா வாசல் வரை நடந்து கடைசியில் விடுங்கள். ஒரு தடித்த நோட்டை நீட்டி நன்கொடை எழுதச் சொல்பவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். எல்லோரும் தலையை மூட வேண்டும். பெண்களை உள் அறைக்குள் விடுவதில்லை, முற்றத்தில் உட்காரலாம். மாலைத் தொழுகை முடிந்ததும் ஆர்மோனியம் எடுப்பார்கள். மொழி புரியாவிட்டாலும் குறையில்லை. மூன்றாவது பாட்டில் கைதட்டு உங்கள் கையிலும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வசந்தத்துக்கும் இந்த தர்காவுக்கும் ஒரு கதை சொல்வார்கள். சகோதரி வழி உறவான ஓர் இளைஞன் இறந்த துக்கத்தில் அவுலியா சிரிப்பையே மறந்திருந்தாராம். வசந்த பஞ்சமிக்கு மஞ்சள் உடுத்திக் கடுகுப் பூவோடு பாடிப் போன பெண்களைக் கண்ட குஸ்ரோ, தானும் மஞ்சளை உடுத்திக்கொண்டு பாடியபடி குருவின் முன் போய் நின்றாராம், அவர் சிரித்துவிட்டாராம். இன்றும் வசந்த பஞ்சமியன்று அந்த தர்கா முழுக்க மஞ்சள்தான். அது ஜனவரி பிப்ரவரியில் வரும், நீங்கள் போகும்போது முடிந்திருக்கும். கதையாவது தெரிந்துகொண்டு போங்கள்.

வெள்ளி. காலை ஏழு மணிக்கு குதுப். நிலையத்திலிருந்து ஆட்டோ எடுக்க வேண்டும், நடக்கிற தூரமில்லை. குத்புதீன் ஐபக் தொடங்கி, இல்துத்மிஷ் தொடர்ந்து, இடி விழுந்த மேல் அடுக்கை 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் திருத்திக் கட்டியது, உயரம் 72.5 மீட்டர். மேலே ஏற முடியாது. 1981-இல் உள்ளே படிக்கட்டில் நெரிசலில் 45 பேர் இறந்ததிலிருந்து மூடிவிட்டார்கள். எல்லோரும் கோபுரத்தைப் படம் எடுப்பார்கள். நீங்கள் அந்த இரும்புத் தூணின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். குப்தர் காலத்தது, ஏழு மீட்டருக்குச் சற்று அதிகம், பதினாறு நூற்றாண்டு வெயில் மழை கண்டும் துருப்பிடித்துப் போகவில்லை. அந்தக் கால இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது மேலே ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கிவிட்டது என்று விளக்கியவர் கான்பூர் ஐ.ஐ.டி. உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம்.

அங்கிருந்து மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது, நுழைவு இலவசம், குதுப்புக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒருவர் கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஜமாலி கமாலி மசூதி, பால்பன் கல்லறை, பிறகு ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறு. லோடி காலத்தது, நான்கு அடுக்காகக் கீழே இறங்கும். புதர்க் காடு, மயில், சருகு. தனியாகப் போக நான் யோசிப்பேன், ஐந்து பேராகப் போகலாம். பதினொன்றரைக்குள் வெளியே வந்துவிடுங்கள், வெயில் ஏறிவிடும்.

பிற்பகல் குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான். 2023 வரை முகலாயத் தோட்டம் என்று அழைக்கப்பட்டது, 15 ஏக்கர், ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்தது. இப்போதெல்லாம் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை திறந்து வைக்கிறார்கள். இலவசம்தான், ஆனால் இணையத்தில் நேரம் பதிவு செய்து போவது நல்லது. வார இறுதி நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், வெள்ளி பிற்பகல் கிடைப்பது எளிது. சென்ட்ரல் செக்ரடேரியட் நிலையத்திலிருந்து இலவசப் பேருந்து விடுவார்கள். துலிப் பூவைப் பார்க்க வேண்டுமானால் மார்ச் முதல் வாரத்துக்குள் போக வேண்டும், அதன் பிறகு தலை சாய்த்துவிடும். ரோஜாவும் மற்ற பூக்களும் இருக்கும். வரிசையில் நடந்துகொண்டே பார்க்க வேண்டிய தோட்டம் அது, உட்கார விடமாட்டார்கள். மாலை கர்தவ்ய பத்தில் இந்தியா கேட் வரை நடந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு ஐ.என்.ஏ. டில்லி ஹாட். மாநிலத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. நாகாலாந்து, மணிப்பூர் கடைகளில் உட்காருங்கள்.

சனி காலை முழுவதும் பழைய டெல்லி. இதை வெள்ளியில் வைக்காததற்குக் காரணம் ஜாமா மசூதியில் அன்று நண்பகல் தொழுகை, ஞாயிறில் வைக்காததற்குக் காரணம் மூடிய கடைகள். எட்டரை மணிக்குச் சாவ்டி பஜார் நிலையத்தில் மேலேறுங்கள். பசியோடு வாருங்கள். பேட்மி பூரி என்று உளுந்து அரைத்துச் சேர்த்த பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் தொன்னையில் கிடைக்கும், பெருங்காயமும் சோம்பும் மூக்கில் ஏறும். அசைவக்காரர்கள் மசூதிப் பக்கம் நிஹாரிக்குப் போகலாம். இரவு முழுவதும் சிம்மில் வெந்த இறைச்சிக் குழம்பு அது, ஒன்பது பத்து மணிக்கு மேல் அண்டா காலியாகிவிடும். மசூதிக்கு எதிர்ச் சந்தில் 1913 முதல் இருக்கும் கரீம்ஸ் உங்களுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். போங்கள், ஆனால் அங்கேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள்.

ஜாமா மசூதி ஷாஜகான் கட்டியது, 1656. படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வெள்ளிக் கடைகள் இருக்கும் தரீபா வழியாகச் சாந்தினி சௌக் பெருந்தெருவுக்கு வாருங்கள். 2021-இல் சீரமைத்த பிறகு காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டி கிடையாது. அதனால் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் ராஜாக்கள். மேற்குக் கடைசியில் பதேபுரி மசூதி, அதைத் தாண்டினால் காரி பாவ்லி.

காரி பாவ்லி மசாலாச் சந்தை. மூட்டை தூக்குபவர்கள் முதுகில் எண்பது கிலோ மிளகாயோடு வருவார்கள், ஒதுங்காவிட்டால் உங்கள் மேலேயே வருவார்கள். அங்கே கடோடியா மார்க்கெட் என்று ஒரு பழைய கட்டடம் உண்டு. முற்றத்தைச் சுற்றி மிளகாய்க் கிடங்கு. உள்ளே நுழைந்து முப்பது விநாடிக்குள் ஐந்து பேரும் இருமுவீர்கள். அங்கேயே வேலை செய்பவரும் இருமிக்கொண்டுதான் மூட்டை கட்டுவார். குறுகிய படியில் மொட்டை மாடிக்கு ஏறினால் ஒரு பக்கம் மசூதி, மறுபக்கம் கீழே தள்ளுவண்டி நெரிசல். கைக்குட்டை இல்லாமல் ஏறாதீர்கள், ஆஸ்துமா உள்ளவர் கீழேயே நின்றுவிடுவது மேல். மேலே ஆள் குடியிருக்கிறார்கள், சத்தம் போடாமல் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இனிப்பில் ஒன்று: தௌலத் கி சாட். பாலைக் கடைந்து எடுத்த நுரை, மேலே கொஞ்சம் கோவா, குங்குமப்பூ, சர்க்கரைத் தூள். வாயில் வைத்ததும் இல்லாமல் போகும். குளிர்காலப் பண்டம், ஹோலியோடு வண்டிகள் மறைந்துவிடும். மார்ச் முதல் வாரம் போனால் கண்ணில் பட்டவுடன் வாங்குங்கள், "திரும்பி வரும்போது சாப்பிடலாம்" என்றால் வண்டி இருக்காது.

செங்கோட்டை? வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள் என்பேன். 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் உள்ளே இருந்ததில் பெரும்பகுதியை இடித்து ராணுவக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். மிச்சமிருப்பதைப் பார்க்க மூன்று மணி நேரமும் வெயிலும் வேண்டும், பார்த்தே ஆக வேண்டும் என்பவர் மட்டும் பிரிந்து போகட்டும். ஐந்து பேரும் எப்போதும் ஒன்றாகவே திரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சனி பிற்பகலைத் திட்டம் எதுவும் இல்லாமல் விட்டுவிடுங்கள்: ஒருவர் தூங்கட்டும், இருவர் சரோஜினி நகரில் துணி பேரம் பேசட்டும். ஏழு மணிக்கு பங்களா சாகிப் குருத்வாராவில் சந்தியுங்கள். குளக்கரையில் உட்கார்ந்துவிட்டு லங்கரில் ரொட்டியும் பருப்பும் சாப்பிடலாம், காசு கேட்கமாட்டார்கள். ரொட்டியை இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்க வேண்டும். ஒற்றைக் கையை நீட்டினால் பரிமாறுபவர் நின்று பார்ப்பார்.

ஞாயிறு காலை ஹுமாயூன் கல்லறை. விடிந்ததும் போனால் சிவப்புக் கல்லில் வெளிச்சம் ஏறுவதைத் தனியாகப் பார்க்கலாம். ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் கட்டுவித்தது, 1570 வாக்கில் முடிந்தது. தாஜ் மகாலுக்கு ஏறக்குறைய எண்பது வருடம் மூத்தது. 1857 செப்டம்பரில் கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாபர் ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் இங்கேதான். 2024-இல் தரைக்கடியில் ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள், நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஒட்டினாற்போல சுந்தர் நர்சரி: புது டெல்லியை நிர்மாணித்தபோது மரக்கன்று வளர்த்த இடம், 90 ஏக்கர், சீரமைத்து 2018-இல் திறந்தார்கள். பத்து மணிக்கு மேல் பாதி டெல்லி அங்கே போர்வை விரித்துச் சாப்பிடும், அதற்குள் ஒரு மர நிழலைப் பிடித்துவிடுங்கள். புத்தகக் கிறுக்கு யாருக்காவது இருந்தால் தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை இப்போது டெல்லி கேட் மெட்ரோ அருகே மஹிளா ஹாட்டில் நடக்கிறது. எட்டு மணி விமானம் என்றால் ஐந்தரைக்குள் பெட்டியோடு கிளம்பிவிடுங்கள்.

மூன்றாம் நாள் உங்களில் ஒருவர் ரசம் கேட்பார். இது நிச்சயம். அசோகா சாலையில் ஆந்திர பவன் உணவகத்தில் சோறு, பருப்புப் பொடி, ரசம், தயிர் என்று முழுச் சாப்பாடு கிடைக்கும், ஞாயிறு மதியம் பிரியாணி. வரிசை நீளம், வேகமாக நகரும். ஆர்.கே.புரம் மலை மந்திரில் சுவாமிநாதனைக் கும்பிட நினைத்தால் வெள்ளி காலை குதுப்பிலிருந்து திரும்பும்போது போகலாம். 1973-இல் குடமுழுக்கு கண்ட கோவில், குன்றின் மேல் இருக்கிறது. நடை சாத்துமுன் போய்ச் சேருங்கள்.

செலவு. என் கணக்கில் ஆறு வாரம் முன்னால் எடுத்தால் விமானம் போக வர 12 ஆயிரம், அறை தலைக்கு இரவு ஒன்றுக்கு 2 ஆயிரம் வீதம் 6 ஆயிரம், சாப்பாடு நாளுக்கு ஆயிரம், மெட்ரோ, ஆட்டோ, டாக்சி எல்லாமாக 2 ஆயிரம். நுழைவுச் சீட்டுகள் அத்தனையும் சேர்த்து இருநூறு முந்நூறுக்குள் முடிந்துவிடும், மேலே சொன்ன இடங்களில் பாதி இலவசம். ஆக 25 ஆயிரம். துணிக்கடை இதில் சேராது. ஆளுக்கு 5 ஆயிரம் முதல் நாளே ஒருவர் கணக்கில் போட்டுவிடுங்கள். டீ முதல் டாக்சி வரை அவர் கொடுக்கட்டும், தீர்ந்தால் மறுபடி போடுங்கள். "நீ முன்னூத்தி நாப்பது தரணும்" என்று திரும்பி வந்து ஒரு மாதம் குழுவில் ஓடும் கணக்கு இதனால் மிச்சம். குடிப்பவர் செலவைப் பொதுவில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், குடிக்காதவர் வெளியே சொல்லாவிட்டாலும் மனதில் வைத்துக்கொள்வார்.

இனி ஆக்ரா. ஒரு தடவை ஏழு நண்பர்கள் வந்தார்கள். அவர்களுக்காக வேன் பிடித்து விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, ஒன்பது மணிக்குத் தாஜ் வாசலில் போய் நின்றோம். பூட்டியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, தாஜுக்கு வாராந்திர விடுமுறை. டெல்லியிலேயே வருடக் கணக்கில் குடியிருந்த எனக்கு அது உறைக்கவில்லை. யமுனைக்கு அக்கரையில் மெஹ்தாப் பாக் என்ற தோட்டத்திலிருந்து தூரத்தில் பார்த்துவிட்டு, பேட்டா இனிப்பு வாங்கிக்கொண்டு, எட்டு மணி நேரம் வேனில் போய் வந்த கதையாக முடிந்தது. உங்களுக்கும் வெள்ளி ஆகாது. சனியும் ஞாயிறும் தாஜில் கூட்டம் தாங்காது. அப்படியும் ஒருவர் பிடிவாதம் பிடித்தால், நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து காலை எட்டு மணியைத் தாண்டிக் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் நூறு நிமிடத்தில் ஆக்ரா கன்டோன்மென்ட் போய்விடும். அதுவும் வெள்ளி ஓடாது. ஞாயிற்றுக்கிழமை விமானம் வைத்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது, சனிக்கிழமைதான் முடியும். சனிக்கிழமை போனால் காரி பாவ்லி போச்சு. அந்தப் பிடிவாதக்காரரை மட்டும் ரயிலேற்றிவிட்டு மற்ற நால்வரும் சாவ்டி பஜாரில் இறங்குங்கள். நாலு பேர் என்றால் ஒரே டாக்சியும் போதும்.